ஹனோய் வீதிகளில் கால்நடையாக

புதிய நகரத்தில் முதல் அடி எடுத்துவைக்கும்போது உண்டாகும் அச்சத்தை நீங்கள் அறிவீர்கள். வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்குச் செல்வீர்களானால், அந்த அச்சத்தை விலக்கி, பழைய நகரப் பகுதியைக் கால்நடையாகவே சுற்றிப் பாருங்கள்.

ஹோவான் கியெம் ஏரிக்கரையிலிருந்து வடக்கே செல்லுங்கள். அங்குள்ள தெருக்கள் பலவற்றின் பெயர்கள் 'ஹாங்' என்று தொடங்கும். சரக்கு என்பது அதன் பொருள். ஹாங் பாக் வெள்ளித் தெரு. ஹாங் மா காகிதப் பொருட்களின் தெரு. அவ்வணிகம் இன்றும் அங்கே நடைபெறுகிறது. ஏரிக்கு மேற்கே, சிறிது தொலைவில், 1886-இல் திறக்கப்பட்ட புனித யோசேப்பு பேராலயம் உள்ளது.

தெருவைக் கடப்பதே பெரிய சோதனை. மோட்டார் சைக்கிள்கள் வெள்ளம்போல் வந்துகொண்டேயிருக்கும். அவ்வூரார் ஓடுவதுமில்லை, நடுவில் திகைத்து நிற்பதுமில்லை. ஒரே சீராக, மெதுவாக நடக்கிறார்கள். அடுத்த அடி எங்கே விழும் என்பது தெரிவதால் ஓட்டுபவர் விலகிச் செல்கிறார். திடீரென ஓடுபவரோ ஆபத்தை வரவழைக்கிறார். பேருந்தும் காரும் அவ்வாறு எளிதில் விலகமாட்டா. அவை கடந்துபோகும்வரை பொறுத்திருங்கள். பிள்ளைகளின் கையை விடாதிருங்கள்.

முதியோருடன் செல்பவர்களுக்கு வார இறுதியே ஏற்றது. 2016 முதல் அந்நாட்களில் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்கள் நடப்போருக்கென்றே ஒதுக்கப்படுகின்றன.