வானம் ஃப்ரீ... வழிச்செலவு யாரோடது?

ஒரு சின்னக் கணக்கு. பைலட் ஆகணும்னா எவ்வளவு செலவாகும்? 'அரை கோடிக்கு மேல'ன்னு டக்குனு சொல்றீங்களா? கரெக்ட். பிரைவேட் ஃப்ளையிங் ஸ்கூல்ல கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறக்கணும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மீட்டர் ஓடும்.

ஆனா, இந்திய விமானப்படையில செலக்ட் ஆயிட்டா பறக்கக் கத்துக்கறதுக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம். ட்ரெயினிங் நேரத்துல அவங்கதான் உங்களுக்கு ஸ்டைபண்ட் தர்றாங்க. ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்குப்படி மாசம் 56,100 ரூபாய்!

'அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே'ங்கறீங்க. கிளம்பலாம். ஆனா அந்த கேட் வரைக்கும் போற பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் யார் காசு தர்றாங்கங்கறதுதான் மேட்டர். வாங்க, அந்த ரூட்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்.

ஸ்டாப் 1: விடியற்காலை ரன்வே

காலேஜ்ல என்.சி.சி. ஏர் விங் இருக்கா? சேர்ந்து பாருங்க. ரெண்டு பேர் உட்கார்ற மைக்ரோலைட் விமானத்துல உங்களையும் ஏத்துவாங்க. இப்போ என்.சி.சி.கிட்ட இருக்கறது ஸ்லோவேனியா நாட்டு பிபிஸ்ட்ரெல் கம்பெனியோட 'வைரஸ்'. (ஆமா, பேரே அதுதான். மூக்கைப் பொத்திக்க வேண்டாம்!) நானும் ஒரு கேடட்தான். பக்கத்து சீட்ல இன்ஸ்ட்ரக்டர். மேல போய் கீழே பார்த்தா ஏரி எல்லாம் தோசைக்கல்லு சைஸ்ல இருக்கும்.

வெயில் ஏறினா காத்து குலுக்க ஆரம்பிச்சுடும். இவ்வளவு லேசான விமானத்துக்கு விடியற்காலைதான் நல்ல நேரம். அதனால ஹாஸ்டல்ல நாலு மணிக்கே எழுந்திரிக்கணும். தமிழ்நாட்டுல 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்கள்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சூப்பர்தான். ஆனா எங்க ரூட்ல அந்த பஸ் நாலரை மணிக்கு வராதே! நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடிச்சா தலைக்கு எண்பது ரூபாய். பறக்கறது என்னவோ பதினஞ்சு நிமிஷம், அது ஃப்ரீ. ஆட்டோதான் காசு. 'இந்த வாரம் நான் வரலைடி'ன்னு சொல்ற பொண்ணுக்குத் தூக்கம் காரணமா, எண்பது ரூபாய் காரணமான்னு நாங்க யாரும் கேட்டதில்லை.

ஸ்டாப் 2: மைசூரு

பிளையிங் பிராஞ்சுக்குப் போக அஃப்கேட் எக்ஸாம் எழுதலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது. ஏர் விங் 'சி' சர்டிபிகேட் இருந்தா, எக்ஸாம் இல்லாம நேரா இன்டர்வியூவுக்குப் போற ஸ்பெஷல் என்ட்ரியும் இருக்கு. எந்த வழியில போனாலும் விமானப்படைத் தேர்வு வாரியத்தைத் தாண்டியே ஆகணும். நம்ம பக்கத்துக்குப் பக்கமா இருக்கறது மைசூரு.

போன வருஷம் ஒரு சீனியர் அக்காவுக்கு அங்க இருந்து லெட்டர் வந்துச்சு. அது அவங்களுக்கு ரெண்டாவது சான்ஸ். இங்கதான் ரூல்ஸை நல்லா கவனிங்க. ஒரு வகை கமிஷனுக்கு முதல் தடவை போறவங்களுக்கு, குறுக்கு வழித் தூரத்துக்கு மூணாம் வகுப்பு ஏ.சி. வரைக்கும் ரயில் கட்டணத்தைத் திருப்பித் தர்றாங்க. அதே வகைக்கு ரெண்டாவது தடவை போனா கிடையாது. திருப்பித் தர்றதுன்னா என்ன அர்த்தம்? முதல்ல நம்ம காசு போட்டு டிக்கெட் எடுக்கணும்!

அக்காவோட அப்பா இஸ்திரி வண்டி வெச்சிருக்கார். பொண்ணைத் தனியா அனுப்ப மனசு வரல. கூட வந்தா ரெண்டு டிக்கெட், ரெண்டு நாள் வண்டி லீவு. முதல் தடவை அப்படித்தான் போனாங்க. திரும்பி வந்தது ஒரு ஆளோட டிக்கெட் காசு மட்டும்தான். துணைக்கு வர்றவங்க கணக்கு எந்த ஃபார்ம்லயும் வராது. இந்தத் தடவை, 'நீ கூடப் போய்ட்டு வாம்மா'ன்னு என்கிட்ட கேட்டார். கிளம்பிட்டேன்.

சென்னையில இருந்து மைசூருக்கு சுமார் 500 கிலோமீட்டர். தென்னிந்தியாவோட முதல் வந்தே பாரத் 2022 நவம்பர்ல இந்த ரூட்லதான் ஓட ஆரம்பிச்சுது. நம்ம பட்ஜெட்டுக்கு அது ஜன்னல் வழியா பார்த்து டாட்டா காட்ட மட்டும். காவேரி எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர், முந்நூறு சொச்சம். ராத்திரி சென்ட்ரல்ல ஏறினா, காலையில மைசூருக் குளிர் முகத்துல அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். ரிப்போர்ட் பண்ண வேண்டியது திங்கள் விடியற்காலை. அதனால ஒரு நாள் லாட்ஜ் வாடகை எக்ஸ்ட்ரா. ஆனா அந்த ஒரு நாள் கிடைச்சதே! தேவராஜா மார்க்கெட்ல மல்லிகையும், கோபுரம் மாதிரி குவிச்சு வெச்ச குங்குமமும் பார்த்தோம். சாமுண்டி மலைக்கு பஸ் ஏறினோம். கர்நாடகாவுலயும் 2023 ஜூன்ல இருந்து பெண்களுக்கு அரசு பஸ் ஃப்ரீதான். கண்டக்டர் ஆதாரைப் பார்த்தார், தமிழ்நாட்டு அட்ரஸைப் பார்த்தார், சிரிச்சுக்கிட்டே டிக்கெட் கிழிச்சார். அந்த ஊர்க்காரங்களுக்குத்தான் ஃப்ரீயாம்!

சாயங்காலம் அரண்மனை. ஞாயிறு ராத்திரியில கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒரே நேரத்துல எரியும். வெளியில நின்னு பார்த்தோம். அந்த வெளிச்சத்துல அக்கா முகத்தைப் பார்த்தேன். பல்பைப் பார்க்கல அவங்க. வாய்க்குள்ள எதையோ சொல்லிப் பழகிட்டு இருந்தாங்க. முதல் தடவை அவங்களை அனுப்பிவெச்சது முதல் நாள் ஸ்க்ரீனிங்லயே. ஒரு படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, குரூப்ல பேசச் சொல்வாங்க. அதுல தேறாதவங்க அன்னிக்கே ஊருக்கு ரிட்டர்ன். 'காசு போட்டு வந்திருக்கோம்டி'ங்கறதை அன்னிக்கு மூணு தடவை சொன்னாங்க.

திங்கட்கிழமை அவங்களை கேட்ல விட்டுட்டு நான் ஸ்டேஷன் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஸ்க்ரீனிங்ல தேறினவங்க போனை வாங்கி வெச்சுடுவாங்க. அதனால இங்க ஒரு விசித்திரமான சட்டம்: போன் வந்தா கெட்ட செய்தி, ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா நல்ல செய்தி! மத்தியானம் ரெண்டு மணிக்கு அடிச்சேன். ரிங் போச்சு, யாரும் எடுக்கல. மூணு மணிக்கு அடிச்சேன். 'நீங்கள் தொடர்புகொண்ட எண்...' அவ்வளவுதான், பிளாட்பாரத்துல குதிச்சேன். டீக்கடைக்காரர் கன்னடத்துல என்னமோ கேட்டார். ஒரு காபி சேர்த்து வாங்கிக் குடிச்சேன். முதல் ஆடம்பரச் செலவு!

ஊருக்கு வந்து கணக்குப் போட்டோம். ரெண்டு பேருக்கும் போக, வர நாலு டிக்கெட்: ஆயிரத்து முந்நூறு சொச்சம். லாட்ஜ்: 900. சாப்பாடு, பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து எண்ணூறு. மொத்தம் மூவாயிரம். உள்ளே போனபிறகு அக்காவுக்குத் தங்கறதும் சாப்பாடும் ஃப்ரீ. அதை மறக்காம சொல்லிடறேன். ஆனா அந்த மூவாயிரம், இஸ்திரி வண்டியில ஒரு வார வரும்படி.

ஸ்டாப் 3: துண்டிக்கல்

அக்கா அந்த அஞ்சு நாளையும் தாண்டிட்டாங்க. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் எழுத முடியற கம்ப்யூட்டர் பைலட் தேர்வையும் முடிச்சாச்சு. மெடிக்கலுக்கு பெங்களூரு, அதுக்கு இன்னொரு ரயில். இப்போ மெரிட் லிஸ்ட்டுக்கு வெயிட்டிங். பேர் வந்தா அடுத்த ஸ்டாப் ஹைதராபாத் பக்கத்துல துண்டிக்கல், விமானப்படை அகாடமி.

லீவுக்கு சித்தி வீட்டுக்குப் போனப்போ அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். செகந்திராபாத்ல இருந்து சுமார் 25 கிலோமீட்டர். கண்டிமைசம்மா ஜங்ஷன் வரைக்கும் சிட்டி பஸ். (தெலங்கானாவுலயும் 2023 டிசம்பர்ல இருந்து பெண்களுக்கு ஃப்ரீ. அங்கேயும் உள்ளூர்க்காரங்களுக்குத்தான். மூணு மாநில ஃப்ரீ பஸ்ஸும் பார்த்தாச்சு!) 1967-ல ஜனாதிபதி ஜாகிர் உசேன் அடிக்கல் நாட்டின இடம் இது. உள்ளே போக முடியாது, போட்டோவும் எடுக்கக் கூடாது. ஆனா தலைக்கு மேல பார்க்க யாரும் தடை போடல. பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒண்ணு வட்டமடிச்சு வந்துச்சு. 2013-ல இருந்து இதுலதான் முதல் பாடம். 2016 ஜூன் 18-ஆம் தேதி நாட்டோட முதல் மூணு பெண் ஃபைட்டர் பைலட்கள், அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங், கமிஷன் வாங்கினதும் இந்த மைதானத்துலதான். இந்த கேட்டைத் தாண்டிட்டா சாப்பாடு, தங்குமிடம், பறக்கற செலவு எதுக்கும் பர்ஸைத் தொட வேண்டாம். கஷ்டமெல்லாம் கேட்டுக்கு வெளியிலதான்.

நோட் பண்ணிக்குங்க

முதல் தடவை போறவங்க டிக்கெட், லெட்டர், பேங்க் பாஸ்புக் நகல் எல்லாத்தையும் பத்திரமா எடுத்துட்டுப் போங்க. டிக்கெட் இல்லாம காசு வராது. அப்ளிகேஷன்ல கொடுத்த அட்ரஸும் நீங்க ஏறுற ஊரும் ஒண்ணா இருக்கட்டும். டாக்ஸியில, சொந்தக் கார்ல போனா அந்தச் செலவை எதிர்பார்க்காதீங்க. ரயில் ரிசர்வேஷன் 2024 நவம்பர்ல இருந்து 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. தேதி தெரிஞ்ச அன்னிக்கே உட்கார்ந்து புக் பண்ணிடுங்க.

கடைசியா ஒரு மேட்டர். எங்க ஹாஸ்டல்ல இப்போ ஒரு டப்பா வெச்சிருக்கோம். பேரு 'டிக்கெட் உண்டியல்'. மாசம் தலைக்கு இருபது ரூபாய். ஏர் விங் பொண்ணு யாருக்கு லெட்டர் வந்தாலும் வழிச்செலவுக்கு எடுத்துக்கலாம். கணக்குக் காட்ட வேண்டாம், திருப்பித் தர வேண்டாம். டிக்கெட் காசு திரும்பி வந்தா மட்டும் டப்பாவுல போட்டுடணும். இதுவரைக்கும் ரெண்டு பேர் எடுத்திருக்காங்க. ஒருத்தர் ஸ்க்ரீனிங்ல திரும்பிட்டாங்க. அடுத்த தடவைக்கும் டப்பா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.

உங்க காலேஜ்லயும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் சும்மா கிடக்கும். தேடிப் பாருங்களேன்!