பழந்துணிக்கும் ஒரு பக்குவம் உண்டு

சிக்கனம் என்றாலே கஞ்சத்தனம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அது அவசியமாகவே வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியதும், திருப்பூரில் பல கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது. கட்டிங் மாஸ்டரான என் கணவருக்கு ஓவர்டைம் நின்று, வாரச் சம்பளம் சுருங்கியது. அதே சமயத்தில் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்குக் கணியூர் வந்தாள். கடன் வாங்காமல் சமாளிப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் மாமியாரின் பழைய நூல் புடவைகளை எடுத்தேன். "ஏம்மா, என் குழந்தைக்குப் பழந்துணியா?" என்று மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார்தான் சமாதானம் சொன்னார்: "கட்டிக் கட்டி நைஞ்ச துணிதான் கண்ணு பச்சைப்புள்ளைக்கு மெத்துனு இருக்கும். உங்கப்பனையும் அப்படித்தான் வளத்தேன்."

வாஸ்தவம்தான். பலமுறை துவைத்ததில் கஞ்சியும் சாயமும் போயிருக்கும். கரையை நீக்கி அரை மீட்டர் சதுரமாக வெட்டினால், ஐந்தரை மீட்டர் புடவையில் 20 இடுப்புத் துணிக்குக் குறையாது. ஓரத்தைக் கட்டாயம் மடித்துத் தையுங்கள். பிரிந்த நூல் குழந்தையின் கால் விரலைச் சுற்றி இறுக்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. எங்கள் பெட்டியில் வேப்பிலைதான் போடுவோம். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று நர்ஸம்மா சொன்னார். ஜி6பிடி என்ற சத்து ரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை அழித்து, காமாலையைக் கொண்டுவந்துவிடுமாம்.

மகளுக்கு நைட்டி, பையனுக்கு டீ-ஷர்ட் வாங்கத் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனேன். ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் அங்கே மலிவாகக் கிடைக்கும். பார்த்து வாங்கினால் லாபம். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பின்னல் துணியில் அது துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தால் வேண்டாம். ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். பிரிண்ட் கொஞ்சம் நகர்ந்தது, பட்டன் விட்டது எல்லாம் ஒரு குறையே இல்லை. எதுவானாலும் ஒருமுறை துவைத்த பிறகே உடுத்த வேண்டும்.

பிறர் உடுத்திய துணி கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம். உள்ளாடை மட்டும் வேண்டவே வேண்டாம். சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

பட்டுப்புடவை மடிப்பில்தான் முதலில் விடும். மற்ற இடம் நன்றாகவே இருக்கும். அப்படி விட்ட புடவையின் முந்தானையிலும் கரையிலும், பெயர் வைக்கும் நாளுக்கு இளைய மகளுக்குப் பாவாடை தைத்தேன். வந்தவர்கள் எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள்!

கிழிந்த பனியனையும் வீசாதீர்கள். குறுக்காக இரண்டு விரல் அகலத்தில் வெட்டி இழுத்தால், தானே சுருண்டு கயிறு போலாகும். மூன்று கயிற்றைச் சேர்த்துப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் அருமையான கால்மிதி.

கடன் வாங்காமலே பிரசவச் செலவு முடிந்தது. பேத்தியின் உடம்பில் ஒரு சொறி, சிரங்கு இல்லை. துணியின் குணம் தெரிந்தவளுக்குப் பழசு என்று ஒதுக்க வீட்டில் அதிகம் இருக்காது, சகோதரிகளே!