ரந்தாவ் அபாங்கில் அம்மா தேடிய ஆமை

சிங்கப்பூரிலிருந்து காரில் புறப்படும் பலருக்கு, ஜோகூர் பாருவின் முதல் கடைத்தொகுதியிலேயே பயணம் முடிந்துவிடுகிறது. அதையும் தாண்டி, மலேசியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே போகும் 3ஆம் எண் கூட்டரசு சாலை ஒன்று இருக்கிறது. கடல், ஆறு, மீன்பிடி ஊர்கள், நடுநடுவே ரொட்டி சானாய் கடைகள். நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்பதுதான் சொந்தமாக ஓட்டிப் போவதன் சுகம்.

சென்ற ஜூலையில் அம்மா, கணவர், நான் என மூவரும் நான்கு நாள் விடுப்பில் கிளம்பினோம். போக வேண்டிய இடத்தை அம்மாதான் சொன்னார்: திரெங்கானுவின் ரந்தாவ் அபாங். 1979ல் பள்ளி விடுமுறையில் பெரியப்பாவின் காரில் போய், பிரம்மாண்டமான ஆமை ஒன்றைப் பார்த்தாராம்.

செங்காங்கிலிருந்து அதிகாலை நான்கரைக்கே கிளம்பியதால் உட்லண்ட்ஸ் நெரிசலில் சிக்கவில்லை. பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும் என்ற நம் விதியும், மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் வாசகர்களுக்குத் தெரிந்தவையே. அங்கே ரான் 97 மட்டும் போடுங்கள். மானிய விலை ரான் 95 வெளிநாட்டு கார்களுக்கு இல்லை.

கோத்தா திங்கியில் பசியாறினோம். அந்த ஊர் வழியே ஓடும் ஜோகூர் ஆற்றின் நீர்தான், 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நம் வீட்டுக் குழாய்களுக்கும் வருகிறது. கணவர் பாலத்தருகே காரை மெதுவாக்கி, “பார்த்துக்கோ, நம்ம தண்ணி” என்றார்.

அதன்பின் மெர்சிங் வரை பெரும்பாலும் இருவழிச் சாலை. காட்டு யானை எச்சரிக்கைப் பலகைகளை வேடிக்கையாக எண்ண வேண்டாம். இருட்டிய பின் இங்கே ஓட்டாதீர்கள். வழியெங்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் பச்சையில் பெரும்பகுதி காடல்ல, செம்பனைத் தோட்டம். எழுபதுகளில் ஃபெல்டா நிலத் திட்டங்களுக்காக இந்த வட்டாரத்தில் ஏராளமான காடு அழிக்கப்பட்டது. யானை சாலைக்கு வருகிறது என்கிறோம். சாலைதான் யானையின் இடத்துக்கு வந்தது. உண்மையான மழைக்காடு பார்க்க வேண்டுமானால் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குத் தனியாக ஒரு பயணம் வைக்க வேண்டும்.

எண்டாவ் ஆற்றைக் கடந்தால் பாகாங். ரொம்பினில் ஆற்று இறால், குவாந்தானில் ஓர் இரவு. மறுநாள் காலை, கரையை ஒட்டியே ஓட்டி ரந்தாவ் அபாங் சேர்ந்தோம்.

அழகான கடற்கரை. ஆள் நடமாட்டமே இல்லை.

அம்மா பார்த்தது தோல்முதுகு ஆமை. முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் இருப்பதால் தமிழக மீனவர்கள் ஏழுவரி ஆமை என்பார்கள். மலாயில் அதற்கு நட்சத்திரப் பழத்தின் பெயர்: பெஞ்யு பெலிம்பிங். உலகின் மிகப் பெரிய கடலாமை இதுதான். 1950களில் திரெங்கானு கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 கூடுகள் கணக்கிடப்பட்டன. 2000களில் பத்துக்கும் குறைவு. முட்டைகளைத் தோண்டித் தோண்டி விற்றார்கள். கடலில் வலைகளில் சிக்கியும் ஏராளமாக மடிந்தன. பாதுகாக்க எடுத்த முயற்சியிலும் ஒரு சோகம் நேர்ந்தது. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பொரிப்பகத்தில் நிழலின்றிப் புதைத்த முட்டைகளிலிருந்து ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகளாக வந்தன.

அம்மா மணலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் சொன்னார்: “அன்னிக்கு எல்லாரும் டார்ச் அடிச்சாங்க. என்னைத் தூக்கி அது முதுகுல உட்கார வெச்சு போட்டோ எடுத்தாங்க. அதுக்குக் கண்ணீர் வந்துச்சு. அழுதுன்னு சொல்லிச் சிரிச்சோம்.” கடலாமையின் கண்ணீர் உடலிலுள்ள உப்பை வெளியேற்றுவதற்கு என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை.

தெற்கே திரும்பி செராத்திங்கில் தங்கினோம். அங்கே மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. இரவில் காத்திருந்தோம். கைப்பேசியை அணைக்க வேண்டும், பேசக்கூடாது. வானொலியில் நான்கு மணி நேரம் ஓயாமல் பேசிப் பிழைக்கும் எனக்கு அது சாதாரணத் தண்டனையல்ல. நள்ளிரவைத் தாண்டி ஒரு பச்சை ஆமை கரையேறியது. அது குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும்வரை எங்களை அருகே விடவில்லை. பின்னர் மங்கலான சிவப்பு விளக்கு ஒன்றுடன், பின்பக்கமாக நின்று பார்க்க அனுமதித்தார்கள். பிங்பாங் பந்துபோல முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லோரும் குனிந்தபோது அம்மா மட்டும் இரண்டடி பின்னே தள்ளியே நின்றார்.

திரெங்கானுவில் 2022 முதல் எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் தடை. சந்தையில் யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். போவதானால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் போங்கள். நவம்பருக்குப் பின் கடல் கொந்தளிக்கும், சாலைகளில் வெள்ளம் ஏறும்.

மறுநாள் கிளம்புமுன் அம்மா நிலைய ஊழியரிடம் மலாயில் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். குஞ்சு பொரிய ஐம்பது, அறுபது நாளாகுமாம். காரில் ஏறியதும் என்னிடம் கேட்டார்: “செப்டம்பர்ல உனக்கு லீவு கிடைக்குமா?”