தாங்கும் மீன்

“தில்லியில் கடல் வளர்க்கப் போகிறேன்” என்று நான் சொன்னபோது அறை நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். யமுனைப் பாலத்தைக் கடக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஊர் அல்லவா இது! ஆனால் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பு நீர் கண்ணில் படாவிட்டால் என்னவோ போலிருக்கிறது. ஆய்வுக்கூடத்தின் மூலையில் சும்மா கிடந்த நூறு லிட்டர்க் கண்ணாடித் தொட்டியை ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். லிட்டருக்கு 35 கிராம் வீதம் மூன்றரைக் கிலோ கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். கடல் பிறந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டேன்.

கடைக்காரர் மூன்று டாம்செல் மீன்களைக் கொடுத்தார். கட்டைவிரல் அளவு, வெள்ளை உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள். 1758-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய இனம். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கிளைத்த பவளத்தைச் சுற்றிக் கூட்டமாய் வாழும். பகையைக் கண்டால் சட்டென்று கிளைகளுக்குள் ஒளிந்துகொள்ளும். “புதுத் தொட்டியில் முதலில் இதைத்தான் விடவேண்டும். எதையும் தாங்கும் மீன்!” என்றார் அவர்.

எதைத் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். ஏனெனில் நான் இரசாயனம் படிப்பவன்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. பரந்த கடலில் அது கரைந்து போகும். தொட்டியிலோ அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற நுண்ணுயிர்கள் வேண்டும். அவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே மூச்சு விடவேண்டும். மேலும், கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நஞ்சான அம்மோனியாவின் பங்கு அதில் கூடுதல். இந்தச் சமநிலைக் கணக்கைத் தேர்வில் பிழையின்றிப் போட்டவன் நான்!

ஐந்தாம் நாள், சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சையாயிற்று. மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. பாதி நீரை மாற்றினேன். எட்டாம் நாள் காலை ஒரு மீன் மணலில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் மற்றொன்று. மூன்றாவது பிழைத்தது. “பார்த்தீர்களா, தாங்கிவிட்டது!” என்றார் கடைக்காரர்.

மீனே இல்லாமலும் தொட்டியைப் பக்குவப்படுத்தலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன். சிறிது அம்மோனியம் குளோரைடு இட்டு, நுண்ணுயிர்கள் பெருகும்வரை காத்திருந்தால் போதும். பொறுமை ஒன்றே அதற்கு விலை.

அந்த வாரங்களில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாய்ச் சேர்ந்த தம்பி ஒருவன் மாலைதோறும் என் தொட்டியருகே வந்து நிற்பான். “அண்ணே, வகுப்பிலே ஒண்ணும் விளங்கலை. யாரும் பேசவும் மாட்டேங்கிறாங்க” என்பான். குழாயில் சொட்டுகளை எண்ணிக்கொண்டே, “போகப் போகப் பழகிவிடும், தம்பி. நாங்களெல்லாம் தாங்கவில்லையா?” என்பேன். ஆறாம் வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட என்னிடம் வரவில்லை.

ஓர் இரவு, தனியாக நீந்திய அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது: கடைக்காரர் சொன்ன சொல்லைத்தான் நானும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். பிழைத்த ஒன்றைக் காட்டி, நீர் நல்ல நீர் என்று சொல்லிவிடுவது எத்தனை எளிது!

மீன் நலமாக இருக்கிறது. ஒரு கல்லைத் தன் சொத்தாக்கிக்கொண்டு, கை நீட்டினால் கடிக்க வருகிறது. தம்பிக்குக் கடிதம் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

வரும் சேர்க்கைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் இரயில்களை எதிர்பார்த்து நிலையத்தில் நிற்க எண்ணியிருக்கிறேன். முதல் ஆறு வாரமும் மாலையில் ஒரு மணி நேரம் புதியவர்களுடன் உட்காரவும் எண்ணம். உடன் வர விரும்பும் நண்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.