எங்கள் வீட்டுச் சைவப் பூனை

பி.காம். படிப்பவனுக்குப் பூனையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீடு சுத்த சைவம். குஞ்சுவும் தயிர்ச்சோறும் பாலும் தின்றே வளர்ந்தது. "அதுக்கு இதுதான் பழக்கம் மக்கா" என்பாள் ஆச்சி. ஒரு வருடத்தில் மெலிந்து, முடி கொட்டி, மூலையில் சுருண்டுவிட்டது.

கால்நடை மருத்துவர் விளக்கினார். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் டாரின் என்ற சத்து வேண்டும். அதைத் தேவையான அளவு அதன் உடலால் தயாரிக்க முடியாது. அரிசியிலும் பருப்பிலும் அது இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் இதயத்தசை பலவீனமாகும் என்பதை 1987-இல் கலிபோர்னியாவில் கண்டறிந்திருக்கிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காதாம்.

ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புறவாசலில் ஒரு பழைய சட்டி இருந்தது. "மீனு அடுக்களைக்குள்ள வரப்பிடாது, கேட்டியா?"

இப்போது கடையில் விற்கும் பூனைத்தீனியோடு, முள் எடுத்து வேகவைத்த சாளையோ கோழிக்கறியோ கொஞ்சம் கொடுக்கிறேன். டாரின் தண்ணீரில் கரையும் என்பதால் வெந்த தண்ணீரையும் ஊற்றுவேன். உப்பு, உள்ளி, பூண்டு கிடையாது. உள்ளியும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும்.

என் பாக்கெட் மணிக் கணக்கில் ஒரு புதுச் செலவு. இருக்கட்டும். குஞ்சு மறுபடி மதில் ஏறுகிறது.

ஆச்சி இன்றும் அந்தச் சட்டிப்பக்கம் போவதில்லை. ஆனால் தினமும் கேட்கிறாள்: "பூனைக்கு வச்சியாடே?"