முகம் காணும் பேறு

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுகையில், எங்கள் அன்னை கேட்ட ஒரு கேள்வி நெஞ்சில் மீண்டும் எழுகின்றது. நோயுற்றுக் கிடந்த இறுதி நாள்களில் ஒரு மாலை, "மோட்சத்துக்குப் போயி நாளு பூரா என்னய்யா செய்வேன்?" என்றார். வயலிலும் அடுக்களையிலும் ஓயாது உழைத்த கைகள் அவருடையவை. முடிவில்லா ஓய்வு என்னும் எண்ணமே அவரை அச்சுறுத்திற்று. ஞாயிறுதோறும் நிலைவாழ்வை நம்புவதாக அறிக்கையிடும் பிள்ளைகளாகிய நாங்கள் மறுமொழியின்றித் தலைகுனிந்தோம். மூன்றாம் நாள் அவர் கண்மூடினார்.

அக்கேள்வி எங்களை விடவில்லை. திருச்சபையின் வரலாற்று ஏடுகளைப் புரட்டினோம். 1331ஆம் ஆண்டு, அனைத்துப் புனிதர் திருநாளன்று, அந்நாளில் திருத்தந்தையர் தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் 22ஆம் யோவான் ஒரு மறையுரை ஆற்றினார். தூய ஆன்மாக்களும் இறுதித் தீர்வைக்கு முன் இறைவனை நேரில் காண்பதில்லை என்பது அவர் கருத்து. இறையியலார் பலர் அதனை எதிர்த்தனர். 1334 டிசம்பரில், தாம் இறப்பதற்கு முந்திய நாளில், திருத்தந்தை அக்கருத்தைக் கைவிட்டார். அவருக்குப்பின் வந்த 12ஆம் பெனடிக்ட், தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தீர்வை நாளுக்கு முன்னரே இறைவனை முகமுகமாய்க் காண்கின்றன என்று 1336 ஜனவரி 29இல் வரையறுத்தார். மோட்சம் என்றால் என்னவென்று வினவித் தவித்தவர் எங்கள் அன்னை மட்டுமல்லர் என்றுணர்ந்தோம்.

முடிவின்றி வாழ்தல் பலருக்குச் சுமையாகவே தோன்றுகிறது என்பதை 16ஆம் பெனடிக்ட் 2007இல் எதிர்நோக்கைப் பற்றிய தம் சுற்றுமடலில் மறைக்காது எழுதினார். நாள்மேல் நாளாக நீளும் காலமென அதனை எண்ணாமல், எல்லையற்ற அன்புக் கடலில் மூழ்கும் ஒரு கணமெனக் கருதிப் பார்க்குமாறு நம்மை அழைத்தார்.

அதைப் படித்தபோது, விடுதியிலிருந்து நாங்கள் விடுமுறைக்கு வீடு திரும்பிய நாள்கள் நினைவில் எழுந்தன. அன்னை அடுப்பை மறந்து திண்ணையில் எங்கள் எதிரே அமர்ந்துவிடுவார். "என்னம்மா, சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்று நகைப்போம். "பாத்தா போதும்யா" என்பார். அவ்வேளையில் அவர் எந்த வேலையும் செய்யவில்லை. ஆயினும் அவர் முகத்தில் சலிப்பின் நிழலை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

தம் கேள்விக்குரிய விடையை அவரே திண்ணையில் அமர்ந்து எங்களுக்குக் காட்டியிருந்தார். அதனை அவருக்கு எடுத்துச் சொல்ல நாங்கள்தாம் தவறினோம். அன்பு செய்பவரின் முகத்தைக் கண்டுகொண்டிருப்பதே நிறைவு. எல்லா அன்புக்கும் ஊற்றானவரின் முகத்தைக் காண்பது எத்துணைப் பெருமகிழ்வாகும்!

அன்பர்களே, நம் இல்லங்களில் முதியோர் மோட்சத்தைப் பற்றிக் கேட்கும்போது வாளாவிருக்க வேண்டாம். அருகே அமர்வோம், அவர்கள் முகத்தைப் பார்த்தவாறே அம்மகிழ்வை எடுத்துரைப்போம். எங்கள் அன்னைக்கு அன்று சொல்லத் தவறியதை, இன்று அவர் கல்லறையில் திரி ஏற்றிச் சொல்லுகிறோம். கண்ணாரக் காணும் பேறு பெற்றவராய் அவர் புன்னகைப்பார் என்று நம்புகிறோம்.