கோல்கம்பம் இல்லாத ஆட்டம்

2023 ஜனவரியில் ஒரு பிற்பகல். இம்பால் நகரின் நடுவே, காங்லா கோட்டைக்கு அருகிலுள்ள மாபால் காங்ஜெய்புங் திடலில் நான்கு நண்பர்கள் அமர்ந்திருந்தனர். மடியில் தமெங்லோங் ஆரஞ்சுப் பழங்கள். கையில், காரத்தால் கண்ணில் நீர் வரவழைக்கும் சிங்ஜு. அயலூர்க் கல்லூரியொன்றில் கால்நடை மருத்துவம் படிக்கும் அந்நால்வரும் விடுமுறைக்கு இம்பால் தோழியின் வீட்டிற்கு வந்திருந்தனர்.

ஆட்டம் தொடங்குமுன்பே அவர்களுக்குள் ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டது. போலோ யாருடையது என்பதே வழக்கு. ஜெய்ப்பூர் நண்பன் முதலில் எழுந்தான். 1933இல் இங்கிலாந்து சென்று அங்கு நடந்த பெரும் போட்டிகள் அனைத்தையும் வென்று திரும்பியது தன் ஊர் அணி என்றான். அவ்வணியின் தலைவர் மகாராஜா இரண்டாம் சவாய் மான்சிங், 1970இல் போலோத் திடலிலேயே உயிர் நீத்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டான். கொல்கத்தாத் தோழி சிரித்தாள். "உங்கள் மகாராஜா பிறக்கும் முன்பே, 1862இல், எங்கள் ஊரில் போலோ கிளப் வந்துவிட்டது" என்றாள். சில்சார் நண்பன் அமைதியாக ஆரஞ்சை உரித்தபடி, "எங்கள் ஊரில் 1859" என்றான்.

மூவரும் இம்பால் தோழியைப் பார்த்தனர். அவள் ஆண்டு எதையும் சொல்லவில்லை. "சில்சாரில் அந்த வெள்ளைக்காரர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேளுங்கள்" என்றாள்.

சில்சார் நண்பனுக்கு விடை தெரியும். 1819 முதல் 1826 வரை பர்மியப் படைகளின் பிடியில் மணிப்பூர் சிக்கியபோது, மைதேயி மக்கள் பலர் கச்சார் சமவெளிக்குத் தப்பி வந்தனர். உடைமைகளை இழந்து வந்தவர்கள் ஆட்டத்தை இழக்கவில்லை. பின்னாளில் அதைக் கண்டு மயங்கிய ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்டக்காரர்களும் தாமும் ஆடத் தொடங்கினர். இன்று உலகெங்கும் ஆடப்படும் போலோ, ஏதிலிகள் கொண்டுவந்த ஆட்டத்திலிருந்து பிறந்தது.

அதன் மூல வடிவம்தான் அன்று ஆடப்பட இருந்தது. பெயர் சகோல் காங்ஜெய். சகோல் என்றால் குதிரை. அணிக்கு எழுவர். தலைப்பாகையும் வேட்டியும் அணிந்து வெறுங்காலுடன் ஏறிய வீரர்கள், பிரம்பு மட்டையால் மூங்கில் வேரில் கடைந்த பந்தை அடித்தனர். கோல்கம்பம் கிடையாது. எதிரணியின் எல்லைக்கோட்டை எந்த இடத்தில் பந்து கடந்தாலும் கோல்தான். அதனால் காவல் காப்பது கடினம், பார்ப்பது இன்பம்.

குதிரைகள் உள்ளே வந்தபோது ஜெய்ப்பூர் நண்பன் சற்றே ஏளனமாக, "இவை குட்டிகளா?" என்றான். மணிப்பூர் மட்டக்குதிரை 11 முதல் 13 கைப்பிடி உயரமே வளரும். நாலரை அடியைத் தொடாது. ஆனால் பந்து வீசப்பட்ட அரை நிமிடத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான். பெரிய குதிரை வளைந்து திரும்ப எடுக்கும் இடத்தில், இவை இருமுறை திரும்பின. சிவப்பு அணி கோல் போட்டால் கொல்கத்தாத் தோழி கத்தினாள். வெள்ளை அணி போட்டால் மற்ற இருவரும் கத்தினர். தொண்டை கட்டிப்போயிற்று. இறுதியில் ஒரே கோலில் வெள்ளை அணி தோற்றது.

இம்பால் தோழி மட்டும் ஒருமுறைகூடக் கத்தவில்லை. வெள்ளை அணிக்காக ஓடிய பழுப்பு நிறப் பெண்குதிரை அவளுடைய தாத்தாவுடையது. அதன் முன்னங்கால்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் நால்வரும் அவரிடம் சென்றனர். சேணத்தை இறக்கி, கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்த பிறகே அவர் பேசினார். ஒருகாலத்தில் அவரிடம் நான்கு குதிரைகள் இருந்தன. ஆட்டம் முடிந்தால் லாம்பெல் சதுப்பு நிலத்தில் மேய விட்டுவிடுவார். தேவைப்படும்போது போய்ப் பிடித்து வருவார். தீவனச் செலவு என்ற ஒன்றே இல்லை. இன்று அந்தச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடங்கள். அவிழ்த்துவிட்டால் குதிரை சாலைக்குப் போகும். குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்னும். இரவில் வண்டியில் அடிபடும். மிஞ்சியது இந்த ஒன்று. இதற்கும் விலை பேச ஒருவர் வந்து போயிருக்கிறார். அன்று மாலை பதில் சொல்ல வேண்டும்.

நண்பர்கள் வாயடைத்து நின்றனர். படித்த எண்கள் அவர்களுக்குத் தெரியும்: 2003 கால்நடைக் கணக்கெடுப்பில் 1,898, 2019இல் 1,089. இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக மாநில அரசே 2013இல் அறிவித்தது. ஹெய்ங்காங் குன்றில் 122 அடி உயரத்தில் போலோ வீரர் சிலை திறக்கப்பட்டதும் அதே ஜனவரியில்தான். சிலைக்குக் குன்று கிடைத்தது. குதிரைக்குப் புல்வெளி கிடைக்கவில்லை.

வீடு மூன்று கிலோமீட்டர். தாத்தா கயிற்றைப் பிடித்து நடக்க, நால்வரும் வேலியானார்கள். ஜெய்ப்பூர் நண்பன் முன்னே ஓடிச் சந்திப்புகளில் ஆட்டோக்களை நிறுத்தினான். சில்சார் நண்பன் பின்னால் கைப்பேசி விளக்கை அசைத்தான். தோழியர் இருவரும் இருபுறமும் நடந்து ஆரஞ்சுத் தோலை ஊட்டினர். ஒலிப்பான் அலறிய ஒவ்வொரு முறையும் குதிரை மிரளவில்லை, அவர்கள்தாம் மிரண்டனர். பகலில் பார்த்ததைவிட இதுவே கடினமான ஆட்டம் என்று சிரித்துக்கொண்டே நடந்தனர்.

வீட்டு வாசலில் தாத்தாவின் கைப்பேசி ஒலித்தது. அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தக் குளிர்காலம் போகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அது மறுப்பன்று, தவணை மட்டுமே. பேத்திக்கு அது தெரியும். அன்றிரவு உணவுக்குப் பின் அவள் ஒரு தாளில் தவிடு, வைக்கோல், மருந்து என்று மாதச் செலவை எழுதினாள். மற்ற மூவரும் யாரும் கேட்காமலே தத்தம் பெயருக்கு நேரே ஒரு தொகையை எழுதினர். முதலில் எழுதியவன், அவற்றைக் குட்டிகளா என்று கேட்டவன்.